நம்ம நாய், உங்க நாய்

1

போன வாரம் தபால்பெட்டியில் ஒரு வண்ணத்தாள் கிடந்தது. வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டதாம். நம் ஊரில் காப்பீடு என்போம், மலேசியாவில் காப்புறுதி. இங்கே வந்த புதிதில் இந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெயரிலேயே உறுதியைச் சேர்த்து வைத்திருக்கிறார்களே என்று வியந்திருக்கிறேன். தாளில் ஒரு குடும்பம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தமிழில் 'நம்ம வீடு, நம்ம காப்புறுதி' என்று கொட்டை எழுத்து. அந்தப் படத்தில் ஒரு நாய்க்குட்டி வேறு.

நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஆத்திரம் அடங்கவில்லை. தொட்டியைத் திறந்து வெளியே எடுத்து இன்னும் பொடியாகக் கிழித்தேன். என் கணவர் பார்த்தார், காலணியை மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் என் குரல் உயரும்போதெல்லாம் அவருக்கு உடல்நலத்தில் அக்கறை வந்துவிடும்.

'நம்ம' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. தமிழில் இதைவிட இனிப்பான சொல் இல்லை என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். வாருங்கள். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு கோவில்பட்டிக்காரர்களுக்கு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நான் யாரைத் திட்டுகிறேனோ அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை. படித்தால் இன்னும் நல்லது.

2

நாங்கள் இருப்பது கிள்ளானில் ஒரு தாமான். குடியிருப்புப் பகுதிக்கு இங்கே அதுதான் பெயர். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரும்புக் கேட்டு, உள்ளே கார் நிற்க ஓர் இடம், அதற்கப்பால் பூட்டிய கம்பிக் கதவு, அதற்கும் அப்பால் மனிதர்கள். என் கணவர் ஷா ஆலமில் பொறியாளர். நான் துறைமுகப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் ஒரே மகள் தாரிணி செராஸில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறாள். கிள்ளானுக்கும் செராஸுக்கும் நடுவே சாலை நன்றாகத்தான் இருக்கிறது. அவள்தான் வருவதில்லை.

எங்கள் வரிசைக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். யாரும் கூட்டி வரவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. எதிர்வீட்டுச் சீன ஆன்டி எலும்பு போடுவார். நான் தயிர்சாதம் போடுவேன், அதையும் சாப்பிடும். என் பக்கத்து வீட்டுச் சந்திரன் அங்கிள் தினமும் காலையில் கடையிலிருந்து தனக்கு வாங்கும் ரொட்டி சானாயில் ஒன்றை அதற்கென்றே பிய்த்துப் போடுவார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணில் இருக்கும் குடும்பம். தாமான் குடியிருப்போர் குழுவில் ஏதோ பொறுப்பும் உண்டு.

நாய்க்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். 'பாஸ்.' இந்த நாட்டில் முன்பின் தெரியாத ஆளை எப்படிக் கூப்பிடுவது என்று குழம்பவே வேண்டாம். பெட்ரோல் போடுகிறவரும் பாஸ், போடச் சொல்கிறவரும் பாஸ். அதனால் தெருவில் யார் யாரைக் கூப்பிட்டாலும் அந்த நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

"நம்ம பாஸ் இருக்கற வரைக்கும் ஒரு திருட்டுப் பய உள்ள வரமாட்டான் லா," என்பார் அங்கிள். வெறும் பேச்சோடு விடவில்லை. தன் வீட்டுக் கேட்டில் 'அவாஸ், அடா அஞ்சிங்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை மாட்டினார். நாய் ஜாக்கிரதை என்று அர்த்தம். அவர் வீட்டில் நாய் கிடையாது. தெருவில் படுத்திருக்கும் பாஸை நம்பித்தான் அந்தப் பலகை. பலகையைத் திருகாணி போட்டு முடுக்க நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

3

தேவி பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வருகிறவள். பார்சல் கொண்டு வந்து கொடுக்கும் வேலை. ஒல்லியான உடம்பு, பெரிய மோட்டார், அதாவது பைக், பின்னால் அதைவிடப் பெரிய பெட்டி. இரண்டு பிள்ளைகள். கணவர் ஜொகூர் பக்கம் லோரி ஓட்டுகிறார், நினைத்தால் வருவார். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். "அக்கா, பார்சல்!" என்று அவள் கூப்பிடும் குரலுக்குக் கேட்டு தானாகத் திறந்துவிடும் போலிருக்கும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, அவள் கொண்டு வந்தது சந்திரன் அங்கிளின் பார்சல். அவர் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்த இடமில்லை. வேறு யாரும் கார் நிறுத்திவிடக் கூடாதென்று பொதுச் சாலையிலேயே பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறார். அதனால் தேவி என் வீட்டு முன்னால் நிறுத்தினாள். கேட்டுக்கு வெளியே நின்ற என் கார் நிழலில் பாஸ் தூங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரின் ஸ்டாண்டு அதன் வாலில் இறங்கியது.

அலறல் கேட்டு நான் வெளியே ஓடி வந்தபோது தேவி தரையில் கிடந்தாள், மோட்டார் அவள் கையின் மேல் கிடந்தது. கெண்டைக்காலில் ரத்தம். பாஸ் சாக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று தன் வாலை நக்கிக்கொண்டிருந்தது. நானும் கணவரும் மோட்டாரைத் தூக்கினோம். அவளுடைய வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மோட்டாரின் விசையை முறுக்குகிற கை.

சந்திரன் அங்கிள் தன் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். கதவைத் திறக்கவில்லை. அங்கிருந்தே சொன்னார்:

"என்னம்மா கற்பகம், உங்க நாய் இப்படிக் கடிச்சிடுச்சே?"

அன்று காலைதான் அவர் அதற்கு ரொட்டி போட்டிருந்தார். நம்ம பாஸ் உங்க நாய் ஆவதற்கு ஒரு கடிதான் ஆகியிருக்கிறது. தேவியைக் காரில் ஏற்றுவதா அவரிடம் இலக்கணம் பேசுவதா?

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது தேவி தன் காலைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. இடது கையால் போனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "அக்கா, அங்கிள் பார்சல் இன்னும் குடுக்கல. ஆப்ல ஃபெயில்னு காட்டும்." மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. தகடு வைக்க வேண்டும், மாதக்கணக்கில் மோட்டார் தொடக்கூடாது என்றார்கள். அவளுடைய கம்பெனிக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் குரல் கனிவாகச் சொன்னது: தேவி எங்கள் ஊழியர் இல்லை, எங்கள் பார்ட்னர். பார்ட்னருக்குக் கை ஒடிந்தால் கம்பெனிக்கு வலிக்காதாம்.

4

மறுநாள் நாய் பிடிக்கும் நகராண்மை வண்டி வந்தது. யார் கூப்பிட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கையில் சுருக்குக்கம்போடு இறங்கிய ஆள் சுற்றுமுற்றும் பார்த்தார். நாயைக் காணோம். சந்திரன் அங்கிள் கேட்டருகே நின்றிருந்தார். அவரைப் பார்த்து அந்த ஆள் உரக்கக் கேட்டார்:

"பாஸ்! அஞ்சிங் மானா?"

நாய் எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான். ஆனால் பாஸ் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டது. எங்கள் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. வாலில் காயம், அப்படியும் ஆட்டிக்கொண்டே அந்த ஆளிடம் நேராகப் போய் நின்றது. நான் கேட்டைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வண்டியில் ஏற்றிய நாய் உயிரோடு திரும்பி வருவதில்லை. அன்று நான் அழுதேன். நாய் கடித்ததைச் சரி என்று சொல்லவில்லை. கூப்பிட்ட பெயருக்கு வந்ததே, அதற்காக அழுதேன்.

எங்கள் கோவில்பட்டித் தெருவிலும் நாய் கடித்திருக்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரைக் கடித்தது. என் அப்பா அவரைச் சைக்கிளில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தெருவே திட்டிக்கொண்டே ஊசிச் செலவைப் பங்கு போட்டது. ஊர்ப்பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் நாலு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் அவர்களை மறுநாள் டீக்கடையில் பேர் சொல்லித் திட்ட ஆளிருந்தது. இங்கே எனக்கு உதவி கிடைக்காததுகூடப் பெரிதில்லை. சேர்ந்து திட்ட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

5

இனி என்னுடைய திருவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காப்புறுதிக்கு போலீஸ் ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். தேவிக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால் அந்தப் பணம் என் வீட்டுக் காப்புறுதியிலிருந்துதான் வரவேண்டும், வேறு வழியில்லை. அதனால் நானே நிலையத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "அஞ்சிங் சியாபா, புவான்?" என்று கேட்டார். யாருடைய நாய் அம்மா?

நம்ம தெரு நாய், எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்ல நினைத்தேன். தமிழில் 'நம்ம' என்றால் கேட்பவரும் சேர்த்தி, 'எங்க' என்றால் கேட்பவர் வெளியே. மலாயிலும் அப்படியே இரண்டு சொல் உண்டு. கித்தா, காமி. ஆங்கிலத்தில் இல்லாத இந்தப் பிரிவு மலாயில் இருப்பது தெரிந்தபோது சொந்தக்காரர்களைக் கண்டதுபோல மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் எனக்குள் ஒரு தப்புப் பாடம் எப்படியோ ஊறியிருந்தது. பாசாரில் மீன் விற்கிறவர் கித்தா என்கிறார். அரசாங்கக் கடிதத்திலும் வங்கிக் கடிதத்திலும் காமி என்று வருகிறது. ஆகவே காமி என்பது கித்தாவின் மரியாதையான வடிவம் என்று முடிவு கட்டியிருந்தேன். நீ, நீங்கள் மாதிரி. யாரும் திருத்தவில்லை, நானும் கேட்கவில்லை.

போலீஸ் நிலையம் மரியாதையான இடம் அல்லவா? "அஞ்சிங் காமி, துவான்," என்றேன்.

எங்க நாய். எங்கள் வீட்டு நாய். அவர் தட்டச்சு செய்தார், நான் கையெழுத்துப் போட்டேன். சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் அந்தப் போலீஸ்காரரும் நாய்க்குப் பங்காளி ஆகியிருப்பார். கேள்வியாவது திரும்பக் கேட்டிருப்பார்.

ரிப்போர்ட்டைத் தாரிணிக்கு அனுப்பினேன். அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். உடனே போன் வந்தது.

"அம்மா, என்னா இது? ஏன் காமின்னு சொன்ன? காமின்னா நம்ம ஃபேமிலி மட்டும்னு அர்த்தம் மா!"

"மரியாதைக்குச் சொன்னேன்டி."

"மரியாதையா? ஐயோ. இது ஸ்டாண்டர்ட் ஒன் பாடம் மா. நீ எனக்குத் தமிழ்ல இதையே எத்தன வாட்டி சொல்லிக் குடுத்த?"

சொல்லிக் கொடுத்தது உண்மைதான். சின்ன வயதில் அவள் பள்ளியிலிருந்து வந்து, "நம்ம ஸ்கூல்ல இன்னிக்கு ஓட்டப்பந்தயம்" என்பாள். நான் விடமாட்டேன். "எங்க ஸ்கூல்னு சொல்லு. நானா உன்கூடப் படிக்கிறேன்?" என்று திருத்துவேன். அவள் கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டாள். அன்று போனை வைப்பதற்கு முன்னால் சொன்னாள்: "மா, தீபாவளிக்கு நாங்க பினாங்கு போறோம். சொல்ல மறந்துட்டேன்." நாங்க என்றால் அவளும் அறைத் தோழிகளும். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. என்னை வெளியே நிறுத்திவிட்டு எப்படிப் பேசுவது என்று நானேதான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

6

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் குணாவின் அலுவலகம். காப்புறுதி ஏஜண்ட். எங்களுக்கு பாலிசி விற்ற அன்று என் வீட்டில் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னவன் அவன்: "எல்லாம் கவர் அக்கா. உங்க வூட்டு நாய் அடுத்தவனக் கடிச்சாகூட கவர்." அப்போது எங்களிடம் நாய் இல்லை. சிரித்தோம்.

இப்போது அவன் சிரிக்கவில்லை. மலைப்பாம்பு மாதிரி நெளிந்தான்.

"வூட்டு நாய்ன்னா லைசென்ஸ் வேணும் அக்கா. லைசென்ஸ் எடுத்தீங்களா?"

"அது தெரு நாய் குணா. தெரு நாய்க்கு யார் லைசென்ஸ் எடுப்பாங்க?"

"தெரு நாய்ன்னா உங்களுக்குப் பொறுப்பே இல்லையே. அப்புறம் எதுக்கு க்ளைம்?"

"அப்படின்னா தேவி யார்கிட்ட கேப்பா?"

"உங்ககிட்டத்தான். ரிப்போர்ட்ல நீங்கதான் ஓனர்னு சொல்லிருக்கீங்களே."

"நான் ஓனர்னா நீங்க குடுக்கணுமே?"

"லைசென்ஸ் இல்லையே அக்கா."

படித்துப் பார்த்தீர்களா? இன்னொரு தடவை வேண்டுமானாலும் படியுங்கள், நான் ஆயிரம் தடவை மனசுக்குள் ஓட்டிவிட்டேன். பணம் கொடுக்கும்போது நாய் என்னுடையது. பணம் வாங்கும்போது நாய் என்னுடையது இல்லை. ஒரே நாய், ஒரே வால்.

பிறகு கம்பெனியிலிருந்து ஒருவர் நேரில் பார்க்க வந்தார். அந்த வேலைக்கு அட்ஜஸ்டர் என்று பெயர். பெயரைக் கேட்டதும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நம் ஊரில் அட்ஜஸ்ட் செய்வது என்றால் ரயில் பெஞ்சில் நாலாவது ஆளுக்கும் இடம் விடுவது. இவர் கையில் அளவு நாடாவோடு வந்தார். என் கேட்டிலிருந்து தேவி விழுந்த இடம் வரை அளந்தார். கேட்டுக்கு வெளியே நடந்திருக்கிறது, ஆகவே உங்கள் வீட்டு எல்லைக்குள் வராது என்றார். அதுவும் ஒரு காரணமாம். அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டியது நாங்கள் மட்டும்தான்.

"அக்கம்பக்கத்தார் யாராவது இது பொது நாய்தான் என்று எழுதித் தந்தால் ரிப்போர்ட்டைத் திருத்தப் பார்க்கலாம். சம்பந்தப்பட்ட எல்லா வீட்டுக் காப்புறுதியும் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கலாம்," என்றார் அவர். நிச்சயமாகச் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நேராகச் சந்திரன் அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

அவர் கேட்டில் பலகையைக் காணோம். அது இருந்த இடத்தில் துருவில்லாத ஒரு நீள்சதுரம், நாலு மூலையிலும் திருகாணி ஓட்டை.

"அங்கிள், பாஸ் எல்லாருக்கும் பொதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. எனக்காக இல்ல, அந்தத் தேவிப் பொண்ணுக்காக. அவ உங்க பார்சலைத்தான் கொண்டாந்தா."

"நான் எப்படிம்மா எழுத முடியும்? நீங்களே எங்க நாய்ன்னு ரிப்போர்ட் குடுத்துட்டீங்களே."

"இந்தப் பலகை எங்க அங்கிள்?"

"எந்தப் பலகை?"

அந்த ஓட்டையில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் விரலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். குரலை இறக்கி, பெரியமனுஷத்தனமாகச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ல நாயக் கண்டபடி விட்டுப் பழகிட்டீங்க. இங்க சட்டம் இருக்கும்மா. நாங்க எல்லாம் இங்கயே பொறந்தவங்க, எங்களுக்குத் தெரியும்."

நாங்க. உங்க. இருபது தீபாவளிக்கு அந்த வீட்டோடு பலகாரத் தட்டு மாற்றியிருக்கிறேன். அவர் மனைவி படுத்திருந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் நான் நம்ம கற்பகம். இரண்டு சொல்லில் என்னைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பூந்தொட்டிகளில் ஒன்றையாவது உடைத்திருக்க வேண்டும். நான் உடைக்கவில்லை, வீட்டுக்கு வந்து கதவைத்தான் அறைந்தேன். எதிர்வீட்டுச் சீன ஆன்டியும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அவர் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்து கொடுத்து, பயமாயிருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

7

தேவி தரப்பில் ஒரு வக்கீல் கடிதம் வந்தது. என் பெயர், என் முகவரி, என் நாய். என் கணவர் முதல்முறையாக நடைப்பயிற்சிக்குப் போகாமல் உட்கார்ந்து படித்தார். வேலை பெர்மிட், பதிவாகும் வழக்கு என்று அவருக்கு ஆயிரம் பயம். நான் அந்த ஞாயிறே காப்பாருக்குப் போனேன்.

தேவி வீட்டு வாசலில் அந்த மோட்டார் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அவள் இடது கையால் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் கோணல்மாணலாக வந்தது, அந்தப் பெண் பாட்டுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததெல்லாம் சொன்னேன். லைசென்ஸ், கேட்டு, அளவு நாடா, காமி, கித்தா. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, அந்த வக்கீலும் இதான் கேட்டாரு. ஆப்ல கம்ப்ளெயின் போட்டா அவனும் இதான் கேக்குறான். எல்லாரும் நாய் யாருது, நாய் யாருதுன்னே கேக்குறீங்க. கை யாருதுன்னு ஒருத்தரும் கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. நானும் இத்தனை வாரமாக நாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கேஸ் வேணாம்க்கா," என்றாள். "கேஸ் முடியறதுக்குள்ள எம் பிள்ள ஸ்கூலே முடிச்சிடும். மோட்டார் ஓட்டுற வரைக்கும் வூடு ஓடணும். அவ்ளோதான்."

அந்த வருடம் என் தம்பி மகளுக்குக் கோவில்பட்டியில் கல்யாணம். மூன்று பேரும் போவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததை அப்படியே தேவியிடம் கொடுத்தோம். தாரிணியும் தன் பங்குக்கு அனுப்பினாள். "பினாங்கு கேன்சல் பண்ணிட்டேன் மா, லெக்சர் வேணாம்" என்று ஒரு வரியும் அனுப்பியிருந்தாள். நான் லெக்சர் கொடுக்கவில்லை. தாலி கட்டும்போது தம்பி போனில் காட்டினான். படம் நின்று நின்று வந்தது, நாதஸ்வரம் மட்டும் நிற்காமல் கேட்டது. அத்தை வரவில்லையா என்று யாரோ கேட்டார்கள். நாய் கடித்துவிட்டது என்று தம்பி சொன்னான். அத்தையை நாய் கடித்துவிட்டதாகத்தான் இன்று வரைக்கும் அங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொடுத்ததைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. அது போதாது, அது எனக்குத் தெரியும். ஓர் உடைந்த கைக்கு ஒரு வீடு மட்டும் பொறுப்பேற்றால் அது போதவே போதாது. ஒரு வரிசை வீடுகள் சேர்ந்திருந்தால், தவறாமல் பணம் வாங்கிய காப்புறுதிக்காரனும் சேர்ந்திருந்தால், அவளுக்கு இன்னொரு அறுவை சிகிச்சையும் நடந்திருக்கும். டாக்டர் செய்யச் சொன்னார். அதைத் தள்ளிப்போட்டு அவள் மறுபடி மோட்டாரில் ஏறிவிட்டாள்.

8

வண்ணத்தாளைக் கிழித்த அதே வாரம், ஒரு மாலையில், தெருவில் அந்தக் குரல் கேட்டது. "பார்சல்!"

முன்பு இருந்த குரல்தான், கொஞ்சம் சன்னமாகியிருந்தது. நான் வெளியே வந்தேன். தேவி மோட்டாரை நடுச்சாலையிலேயே நிறுத்தியிருந்தாள். பூந்தொட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இறங்குவதற்கு முன்னால் குனிந்து என் காருக்கு அடியில் பார்த்துக்கொண்டாள்.

பார்சல் எனக்கில்லை, சந்திரன் அங்கிளுக்கு. அவர் கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம தேவி! கை சரியாயிடுச்சா மா? வா வா, உள்ள வந்து வச்சிட்டுப் போ."

"இல்ல அங்கிள். நீங்க வெளிய வந்து வாங்கிக்குங்க."

"அட, பயப்படாத லா. அந்த நாய் இப்ப இல்ல. அதான் அன்னிக்கே நாம வண்டியக் கூப்பிட்டு அனுப்பிட்டோமே."

நாம.

ஒரு வருடமாக எனக்குத் தெரியாமலிருந்தது அப்போது தெரிந்தது. வண்டியைக் கூப்பிட்டவர் யார் என்று மட்டுமல்ல. சோறு போட்டதை மறந்தவர், கடித்ததில் என்னைத் தனியே நிறுத்தியவர், கொல்லக் கொடுத்ததில் மட்டும் என்னையும் தேவியையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். இலக்கணம் பிசகாமல் சேர்த்துக்கொண்டார்.

"நாம இல்ல அங்கிள்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, ரொம்பத் தணிந்து வந்தது. "நீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பூட்டைத் திறந்துகொண்டு கேட்டுக்கு வெளியே வந்தார். தேவி பெட்டியிலிருந்து பார்சலை எடுத்து நீட்டினாள். வலது கையால் நீட்டினாள். அந்த விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அவர் கை வந்து சேருவதற்குள் பார்சல் நழுவி, பூந்தொட்டிகளுக்கு நடுவே தார்ச்சாலையில் விழுந்தது.

யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று அவர் கொஞ்ச நேரம் நின்றார். தேவி குனியவில்லை. நானும் குனியவில்லை.